முதுசமாக வந்த நோய்

தேசவழமைக்கு உட்பட்டு வாழும் நம்மவர்க்கு முதுசம் இன்னது, சீதனம் இன்னது, தேடியதேட்டம் இன்னது என்று எவரும் வகுத்துக் கூற வேண்டியதில்லை. நீதிமன்ற வாசலை ஒருநாளும் மிதியாத கமக்காரனும் தன் தோட்டத்தில் எந்தத் துண்டு முதுசம், எந்தத் துண்டு தேட்டம் என்பதை எல்லைக் கதியாலைத் தொட்டுக் காட்டிச் சொல்லிவிடுவான். முதுசமாக வந்த காணியை ஒருவன் விற்கலாம், ஈடு வைக்கலாம், வேண்டாமென்றால் உடன்பிறந்தாளுக்கு நன்கொடை உறுதி முடித்துக் கொடுத்துவிடலாம். நொத்தாரிசு முன்னிலையில் ஒரு கையெழுத்தோடு காரியம் முடிந்துவிடும். ஆனால் எந்த நொத்தாரிசாலும் கைமாற்ற முடியாத முதுசம் ஒன்றும் உண்டு. தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் உதிரத்தோடு இறங்கி வரும் நோயே அது. அத்தகையதொரு முதுசத்தின் உரித்தாளன் நான்.

இதனை இதுகாறும் நான் பகிரங்கமாகக் கூறியதில்லை. மேடையில் ஒலிபெருக்கியைப் பற்றும்போது என் வலக்கை நடுங்குவதைக் கண்டவர் பலர். குடிப்பழக்கம் என்று சிலர் பேசினர். அச்சம் என்று எதிரணியினர் பரப்பினர். இரண்டும் பொய். இளமையில் என் மூளையிற் படிந்த செம்பு விட்டுச்சென்ற வடு அது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நாளொன்றுக்கு நான்கு குளிகைகள் விழுங்கி வருகிறேன். அவை இல்லையேல் இக்கட்டுரையை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

எவருடைய இரக்கத்தையும் வேண்டி இதனை எழுதவில்லை. சென்ற மாதம் ஒரு வைத்தியசாலை வாங்கில் அமர்ந்திருந்தபோது, வன்னிப் பக்கத்துக் கமக்காரர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவ்விடத்தில் என்னால் மறுமொழி கூற முடியவில்லை. அந்த மறுமொழியைத் தேடியே எழுதுகிறேன்.

அவருடைய மகளுக்கு வயது 14. எனக்குள்ள நோயே அவளுக்கும், மருந்தும் அதுவே. மருந்து கொடுக்கும் யன்னலில் இருவருக்கும் ஒரே விதமான துண்டை நீட்டினார்கள்: கையிருப்பு இல்லை, வெளியில் வாங்குக. நகரத்து மருந்துக்கடைகள் நான்கில் அவர் முன்னரே ஏறி இறங்கியிருந்தார். ஒரு கடைக்காரர் மருந்தின் பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டாராம். ஆதலின் வீட்டில் எஞ்சியிருந்த குளிகைகளை, நாளுக்கு நான்கு என்பதை இரண்டாகக் குறைத்துக் கொடுத்து வருவதாகக் கூறினார். விதைநெல் குறைந்த ஆண்டில் ஐதாக விதைத்துச் சமாளிப்பது போல என்று அவரே உவமையும் சொன்னார். பின்பு என் முகத்தைப் பார்த்து, "ஐயா, நீங்கள் சட்டம் படிச்ச ஆள். இதுக்கு ஒரு வழக்குப் போட ஏலாதோ?" என்றார்.

வழக்கைப் பின்னர் பார்ப்போம். நோய் இன்னதென்று முதலில் விளங்க வேண்டும்.

அதன் பெயர் வில்சன் நோய். இலண்டனில் நரம்பு வைத்திய நிபுணராய் விளங்கிய கின்னியர் வில்சன் 1912 ஆம் ஆண்டில் இதனை விரிவாக எழுதி உலகுக்கு அறிவித்தார். அனுசேபக் கோளாறு என வைத்தியர் இதனை வகுப்பர். உண்டதை மாற்றிப் பயன்கொண்டு மிஞ்சியதைக் கழிக்கும் உடம்பின் ஒழுங்கில் நேரும் பிழை என்பது அதன் பொருள். நாம் உண்ணும் உணவு ஏறக்குறைய எல்லாவற்றிலும் செம்பு சிறிதளவு உண்டு. உடம்புக்கும் அது சிறிதளவு வேண்டியதே. மிஞ்சிய செம்பை ஈரல் பித்தநீரிற் கலந்து குடல் வழியே வெளியேற்றும். அவ்வேலையைச் செய்விக்கும் பரம்பரையலகு 13 ஆம் நிறமூர்த்தத்தில் இருப்பதை 1993 இல் கண்டறிந்தனர். அது பழுதாகப் பிறந்தவனுக்குச் செம்பு வெளியேறும் வாய்க்கால் அடைபட்டுக் கிடக்கும்.

முந்திரிகைப் பந்தலுக்கு நீலத் துருசும் சுண்ணாம்பும் கலந்து விசிறும் நம் தோட்டக்காரர்க்கு இது எளிதில் விளங்கும். அளவோடு விசிறினால் பூஞ்சணம் மடியும். ஆண்டாண்டாக விசிறிய மண்ணிலோ செம்பு தேங்கிவிடும். மழை அதனைக் கழுவிக்கொண்டு போவதில்லை. வில்சன் நோயாளியின் ஈரலும் அத்தகைய மண்ணே. பிறந்த நாள் தொட்டுச் செம்பு அங்கே சேர்கிறது. ஈரல் நிரம்பியபின் உதிரத்திற் கலந்து மூளைக்குச் செல்கிறது. கருவிழியின் விளிம்பில் பழுப்பு வளையமாகப் படிகிறது. சிலருக்கு மஞ்சட் காமாலையாகவும், சிலருக்குக் கைநடுக்கம், நாக்குளறல், எழுத்துக் கோணல் என்பனவாகவும், சிலருக்குக் குணமாற்றமாகவும் இது வெளிப்படும். பைத்தியம் என்று சங்கிலியிட்டவர்களுள்ளும் எத்தனை பேர் இந்நோயாளராய் இருந்தனரோ, யாரறிவார்?

என் விடயத்தில் எழுத்துக் கோணலே முதற் சாட்சி. 1994 இல் எனக்குப் பதினைந்து வயது. அழகாக எழுதிய கை திடீரென்று கோழி கிளறியதுபோல் எழுதத் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கினேன். வீட்டில் நேர்த்தி வைத்தார்கள். செய்வினையோ என்று நூல் கட்டினார்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன் என் அண்ணன் பதினோராவது வயதில் மஞ்சட் காமாலையால் இறந்திருந்தான். அவனுக்குக் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்த பரிகாரியாரே எனக்கும் எண்ணெய் காய்ச்சினார். இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம் என்று அந்நாளில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசியில் தந்தையார் என்னைக் கிளாலிக் கடலால் இரவில் படகேற்றிக் கொழும்புக்குக் கொண்டுசென்றார். அங்கே ஒரு வைத்தியர் என் கண்ணில் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். வளையம் இருந்தது.

அந்த வைத்தியர் தந்தையாருக்கு ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: இம்மருந்தைப் பையன் ஒருநாளும் நிறுத்தலாகாது. அக்காலத்தில் வடக்கே பொருளாதாரத் தடை. பனடோலுக்கே திண்டாட்டம், இம்மருந்துக்கு எங்கே போவது? ஆகவே என்னை வெள்ளவத்தையில் என் மாமனார் வீட்டில் விட்டுவிட்டுத் தந்தையார் தனியே படகேறினார். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்து நடந்தபோது, என் தாயும் தந்தையும் தங்கையும் அக்கூட்டத்தில் நடந்தனர். நான் வெள்ளவத்தையில் குளிகை விழுங்கிக்கொண்டிருந்தேன். ஆக, என்னைக் காத்தது எந்தச் சட்டமுமன்று, அரசாங்கமுமன்று. வெள்ளவத்தையில் எனக்கொரு மாமன் இருந்தார், அவ்வளவே. மாமன் இல்லாத பிள்ளைகளுக்கு அவ்வாண்டுகளில் என்ன நேர்ந்தது என்பதை எழுதிவைத்த ஏடு எதனையும் நான் கண்டதில்லை.

நிற்க. மருந்தின் கதையும் அறியத்தக்கது. 1912 முதல் நாற்பது ஆண்டுகளாக இந்நோய் கண்டவர்க்கு மரணமே முடிவாயிருந்தது. 1951 அளவில், நச்சுவாயுவுக்கு மாற்றாகப் பிரித்தானியர் ஆக்கிய மருந்தொன்றைக் கச்சான் எண்ணெயிற் கரைத்து ஊசியாக ஏற்றிப் பார்த்தனர். பயன் இருந்தது, ஆயினும் வலி பொறுக்கத் தக்கதன்று. ஜோன் வோல்ஷ் என்னும் இளம் ஆங்கில வைத்தியர், பெனிசிலின் ஏற்றிய நோயாளரின் சிறுநீரில் பெனிசிலமைன் என்னும் பொருளைக் கண்டு குறித்து வைத்திருந்தார். 1955 இல் பொஸ்டன் நகரில் ஒரு வில்சன் நோயாளியைக் கண்டபோது, இப்பொருள் செம்பைப் பற்றிக்கொண்டு சிறுநீரோடு வெளியேறுமே என்று அவருக்குத் தோன்றியது. நோயாளிக்குக் கொடுக்குமுன் ஒரு கிராமைத் தாமே விழுங்கிப் பார்த்தார். அவருக்குத் தீங்கொன்றும் நேரவில்லை. 1956 இல் முடிபை வெளியிட்டார். அதனை ஏற்காத உடம்புகளுக்காக 1969 இல் ட்ரையென்டின் என்னும் வேறொரு மருந்தையும் அவரே கண்டார். நூறு வயதைக் கடந்து 2022 இல் காலமான அப்பெரியாரை நான் நேரிற் கண்டதில்லை. ஆயினும் என் வாழ்நாளில் பெரும்பகுதி அவர் தந்தது.

மருந்து என்றேன், அமிர்தம் என்று எண்ணிவிட வேண்டாம். வெறுவயிற்றிலேயே விழுங்க வேண்டும்: உணவுக்கு ஒரு மணி முன்னர், அல்லது இரண்டு மணி பின்னர். தோலையும் சிறுநீரகத்தையும் அது தாக்கக்கூடுமாதலின் சிறுநீரைக் காலந்தோறும் சோதிக்க வேண்டும். சிலருக்குத் தொடக்கத்தில் நடுக்கம் குறையாமற் கூடுவதுமுண்டு, எனக்கும் கூடிற்று. ஈரல், நண்டு, கணவாய், கச்சான் முதலியவை விலக்கு. ஒடியற்கூழ் காய்ச்சும் வீட்டில் நண்டுக்கால் மிதக்கும் சட்டியைப் பார்த்துக்கொண்டு இருப்பதன் துயரை யாழ்ப்பாணத்தாருக்கு நான் விரிக்க வேண்டியதில்லை. கூட்டம் முடிந்து அன்பர் வீட்டில் இலை போட்டபின், "இன்னும் முக்கால் மணி கழித்து உண்பேன்" என்று சொல்லி எத்தனை பேரின் மனத்தாங்கலைத் தேடியிருப்பேன்! செப்புக் குடத்தில் இரவு முழுவதும் வைத்த நீரைக் குடித்தால் சகல நோயும் தீரும் என்று இந்நாளில் கைபேசி வழியாக உபதேசம் வருகிறது. எனக்கு அதனை அனுப்பிய அன்பர்கள் இப்போது காரணம் அறிவார்கள்.

எல்லாவற்றிலும் கொடியது, நலமாக இருக்கிறோம் என்ற எண்ணமே. ஐந்தாறு ஆண்டுகள் மருந்துண்டு நன்கு நடமாடுபவன், இனி எதற்கு என்று நிறுத்திவிடுகிறான். உடனே ஒன்றும் நேராது. செம்பு மெல்லச் சேரும். பின் ஒருநாள் ஈரல் கெட்டுச் சாய்வான்; அப்போது மருந்து பயன்படாமற் போவது பலருக்கு நேர்ந்தது. அந்தக் கமக்காரர் நான்கை இரண்டாக்கியதைக் கேட்டு நான் திடுக்கிட்டது இதனாலேயே. ஐதாக விதைத்த வயலில் விளைச்சல் குறையும். இங்கே குறைவது விளைச்சலன்று.

இனி, மருந்து ஏன் இல்லை? மருந்து அரிதாகவும் விலை ஏறியும் கிடப்பதற்கு அதை ஆக்குவதன் அருமை காரணம் என்று பலர் எண்ணுகின்றனர். அமெரிக்காவில் நடந்ததைப் பார்க்க. நோயாளர் குறைவான மருந்துகளை ஆக்குவோர்க்கு ஊக்கமளிக்க 1983 ஆம் ஆண்டு சனவரியில் அங்கே ஒரு சட்டம் இயற்றினர். அநாதை மருந்துச் சட்டம் என்று அதற்குப் பெயர். ஏழாண்டுத் தனியுரிமை கொடுக்கும் அச்சட்டத்தின் கீழ் 1985 இல் ட்ரையென்டின் சந்தைக்கு வந்தது. நோக்கம் நல்லதே. ஏழாண்டும் கழிந்தது, தனியுரிமையும் ஒழிந்தது. ஆனால் போட்டிக்கு வேறெவரும் வரவில்லை. சில ஆயிரம் நோயாளருக்காக எவன் ஆலை போடுவான்? 2010 இல் வாலியன்ட் என்னும் கம்பெனி அம்மருந்தையும் பெனிசிலமைனையும் வைத்திருந்த சிறு கம்பெனியை வாங்கியது. 100 குளிகை ட்ரையென்டின் 652 டொலராக இருந்தது, 2015 இல் 21,267 டொலராயிற்று. பெனிசிலமைன் 445 டொலரிலிருந்து 26,189 டொலராயிற்று. குளிகையில் புதிதாக ஒன்றும் சேர்க்கப்படவில்லை. 1956 இல் வோல்ஷ் வெளியிட்ட அதே பொருள்.

2016 ஏப்ரிலில் அமெரிக்க செனற் சபைக் குழு விசாரணை செய்தது. விலையேற்றத்தையே அடிப்படையாகக் கொண்டு மருந்துகளை வாங்கியது தவறு என்று கம்பெனித் தலைவர் குழுமுன் ஒப்புக்கொண்டார். அதன்பின் 2018 இல் வேறொரு கம்பெனி போட்டி ட்ரையென்டினைக் கொண்டுவந்தது. மலிந்துவிட்டதாக எண்ணாதீர்கள், 100 குளிகைக்கு அது குறித்த விலை 18,375 டொலர். இதிற் சட்டத்தரணி ஒருவன் கற்க வேண்டியது என்னவெனில், தனியுரிமைக்கு எப்போதும் பத்திரம் வேண்டியதில்லை என்பதே. வாங்குவோர் சிலராகவும் உயிருக்கு அஞ்சியோராகவும் இருந்துவிட்டால், வேலியின்றியே தோட்டம் ஒருவனுக்குச் சொந்தமாகிவிடும்.

நல்வாய்ப்பாக, நான் விழுங்கும் குளிகை இந்தியாவில் ஆக்கப்படுவது. அதன் விலை அமெரிக்க விலையில் ஒரு சிறு பின்னமே. ஆகவே நம் நாட்டில் விலை முதற் காரணமன்று. கொண்டுவருவார் இல்லாமையே காரணம். அதனை விளக்கப் பேராசிரியர் சேனக பிபிலேயை நினைவுகூர வேண்டும். அவரும் வைத்திய கலாநிதி எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971 இல் அளித்த அறிக்கையின் வழியே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் எழுந்தது. வியாபாரப் பெயரை விட்டு மருந்தின் பெயரால் வாங்குதல். உலகெங்கும் கேள்விப்பத்திரம் கோருதல். நாடு முழுவதற்கும் மொத்தமாய் வாங்குதல். எளிய இம்முறையால் ஏழை நாடொன்று பெருங்கம்பெனிகளோடு நிமிர்ந்து பேசியது. அதனை நான் குறைகூறேன். இன்றும் இந்நாட்டின் இலவச வைத்தியம் நிற்பது பெரிதும் அதன் தோளில். ஆனால் அம்முறையின் வலிமை மொத்தத்தில் உள்ளது. பத்துக் கோடிக் குளிகைக்குக் கேள்விப்பத்திரம் கோரினால் உலகம் ஓடி வரும். சில இலட்சம் குளிகைக்குக் கோரினால் எவரும் வாரார். வந்தாலும் பதிவுக் கட்டணமும் தாள்களும் இலாபத்தை விழுங்கிவிடும். கேள்விப்பத்திரம் வெறுமையாய் முடியும். கோப்பு மேசைக்கு மேசை நகரும். யன்னலில் துண்டு நீட்டப்படும்.

முப்பதினாயிரம் பேருக்கு ஒருவர் என்பது வைத்திய நூல்கள் நெடுங்காலமாய்க் கூறிவரும் கணக்கு. அதனை இந்நாட்டு மக்கட்தொகைக்குப் பொருத்தினால் எழுநூறு பேர் சொச்சம். எழுநூறு வாக்கால் எந்தத் தேர்தற்றொகுதியும் கவிழாது. 2015 ஆம் ஆண்டு 5 ஆம் இலக்கச் சட்டம் மருந்து விலைக்கு உச்சவரம்பு கட்ட இடந்தருகிறது. 2016 இல் 48 மருந்துகளுக்குக் கட்டினார்கள். நன்று. வந்த மருந்தின் விலையைக் கட்டலாம். வராத மருந்தின் விலையை எப்படிக் கட்டுவது? 2022 இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, அறுவைச் சிகிச்சைக்கான பொருள்களுக்கே வைத்தியசாலைகள் கையேந்தின. அவ்வேளையில் எழுநூறு பேரின் குளிகை எந்த வரிசையில் நின்றிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்க. எண்ணிக்கையிற் சிறியோர் உரிமையிற் சிறியோரல்லர் என்னும் வாதத்தை இந்நாட்டில் நெடுங்காலம் நடத்தி வருபவர் நாம். அந்த வாதம் வைத்தியசாலை யன்னலிலும் செல்லுபடியாக வேண்டும். எமது மேடைகளில் இதுகாறும் இது ஏறியதில்லை. என் மேடையும் விலக்கன்று.

இனிக் கமக்காரரின் கேள்விக்கு வருவோம். வழக்குப் போட ஏலுமா?

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயம் அடிப்படை உரிமைகளைக் கூறுவது. அதில் உயிர்வாழும் உரிமை என்று தனியொரு வாசகம் இல்லை, வைத்தியமும் இல்லை. 27 ஆம் உறுப்புரை அரசின் வழிகாட்டிக் கோட்பாடுகளைக் கூறுகிறது. அங்கே போதிய உணவு, உடை, உறையுள் என்று மூன்றும் பெயர்சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. மருந்து குறிக்கப்படவில்லை. குறிக்கப்பட்டிருந்தாலும் பயன் சிறிதே. இக்கோட்பாடுகளைக் கொண்டு எவரும் நீதிமன்று ஏற இயலாது என்று 29 ஆம் உறுப்புரை கதவைச் சாத்திவிட்டது. 

ஆயினும் யன்னல் ஒன்று திறந்திருக்கிறது. நீதிமன்றின் கட்டளையாலன்றி எவரும் மரணதண்டனைக்கு உட்படலாகாது என்பது 13(4) ஆம் உறுப்புரை. காவலில் ஒருவர் இறந்தது பற்றிய வழக்கில், 2003 இல் உயர்நீதிமன்றம் இவ்வுறுப்புரையின் உள்ளே உயிர்வாழும் உரிமை அடங்கியிருப்பதாகப் பொருள்கொண்டது. அடித்துக் கொல்லலாகாது என்றால், காக்கும் வழி தெரிந்திருந்தும் அசட்டையால் சாகவிடலாமோ? அப்பொருள்கோடலை இதுவரை நீட்ட இடமுண்டு என்பது என் கருத்து. 12(1) ஆம் உறுப்புரையின் சமத்துவமும் துணைக்கு வரும்: நீரிழிவுக்காரனுக்கு இன்சுலினைத் தன் கடமையென்று கொடுக்கும் அரசு, வில்சன் நோயாளிக்குக் கொடாமைக்கு எண்ணிக்கையைத் தவிர வேறென்ன காரணம் காட்டும்? ஆனால் 126 ஆம் உறுப்புரையின்படி உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துள் மனுச் செய்ய வேண்டும்; செய்தபின் வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். செம்பு தவணை கேட்பதில்லை.

அயல்நாட்டில் ஒரு வழி பிறந்தது. கோஷே நோய் என்பது பரம்பரையாய் வரும் வேறொரு அனுசேபக் கோளாறு. அதன் மருந்து மிக விலையுயர்ந்தது. தில்லியில் ரிக்சா இழுப்பவர் ஒருவரின் ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்நோய். மருந்தை அரசு இலவசமாய்க் கொடுக்க வேண்டும் என்று தில்லி மேல்நீதிமன்றம் 2014 ஏப்ரில் 17 அன்று கட்டளையிட்டது. இந்திய அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்புரையில் உயிர்வாழும் உரிமை வெளிப்படையாக உண்டாதலின் அது கூடிற்று. 2021 இல் அரிய நோய்களுக்கென ஒரு தேசியக் கொள்கையும் அங்கு வந்தது. அதிலும் குறைகள் உண்டு. ஆயுள் முழுவதும் வேண்டிய மருந்துக்கு ஒரு தொகையோடு எல்லை கட்டியது பெருங்குறை. ஆயினும் வாங்கில் இருந்தவர் கேள்விக்கு அந்நாட்டில் ஒரு விடை இருக்கிறது.

அரசை மட்டும் குற்றஞ்சாட்டி எழுந்து போவது நேர்மையாகாது. என் தாயும் தந்தையும் முறை மச்சான் மச்சாள். இருவரும் நலமாகவே வாழ்ந்தனர். பழுதான அலகு ஒவ்வொருவரிடத்தும் ஒன்றே இருந்தமையால் அவர்க்கு ஒரு தீங்குமில்லை. இரண்டும் சேர்ந்து வாய்த்த பிள்ளைக்கே நோய். பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது நாலில் ஒரு பங்கு. சொந்தத்துள் மணம் முடித்தால் இருவரும் அதே அலகைக் காவும் வாய்ப்புக் கூடும். அந்நியத்தில் முடித்தாலும் வாராதென்பதில்லை. எங்கள் பழைய வழக்கத்தைத் தூற்றுவது என் நோக்கமன்று. மறைப்பதையே நான் வெறுக்கிறேன். ஒரு பிள்ளைக்கு நோய் என்றறிந்ததும், மற்றப் பிள்ளைகளின் சம்பந்தம் குழம்பிவிடும் என்று வாயைப் பொத்துகிறோம். உடன்பிறந்தாரைச் சோதிக்க வைத்தியர் கேட்டால், அவர்களுக்கு ஒன்றுமில்லை என்று எழுந்துவிடுகிறோம். என் வீட்டிலும் அதுவே நடந்தது. என் நோய் தெரிந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1997 இல், மாமனாரின் வற்புறுத்தலால் தங்கையைச் சோதித்தார்கள். அவளுக்கும் இருந்தது. அடையாளம் ஒன்றும் வெளிப்படுமுன் மருந்து தொடங்கியமையால் இன்றுவரை அவள் கை நடுங்கியதில்லை, படிப்பிக்கிறாள், இரண்டு பிள்ளைகள். மூன்று பேருக்கும் ஒரே முதுசம். அண்ணனை மண் கொண்டது; என்னிடம் நடுக்கம் மிஞ்சியது; அவளிடம் ஒன்றுமில்லை. காலம் ஒன்றே வேறுபாடு.

செய்ய வேண்டியது மலையைப் பெயர்ப்பதன்று. நிறுத்தினால் உயிர்போகும் மருந்துகளைத் தனி அட்டவணையாக வகுத்து, அவற்றைக் கொடுக்கும் கடமையைச் சட்டத்தால் அரசின்மீது ஏற்ற வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு கேள்விப்பத்திரம் கோராமல் ஐந்தாண்டுக்கு ஒருங்கே ஒப்பந்தம் செய்தால் விற்பவனுக்கும் வர மனம் வரும். அயல்நாடுகள் வாங்கும்போது சேர்ந்து வாங்கினால் இன்னும் நன்று. ஓராண்டுக்கான கையிருப்பு எழுநூறு பேருக்கு எத்தனை இறாக்கையை அடைக்கும்? ஓர் அலுமாரி போதும். குடலில் செம்பு ஏறாது தடுக்கும் நாக உப்பையும் அமெரிக்கா 1997 இல் இந்நோய்க்கு மருந்தாக அங்கீகரித்தது. எல்லா நோயாளருக்கும் அது பொருந்தாது; வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். ஆயினும் அதைக் குளிகையாக்குவது பெருவித்தையன்று. இரத்மலானையில் அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனம் இருக்கிறது. இவற்றை வரவு செலவுத் திட்ட விவாதத்தில் எழுப்புமாறு எமது பாராளுமன்றப் பிரதிநிதிகளுக்கு நான் எழுதியிருக்கிறேன். மறுமொழி வந்தால் இப்பத்திரிகையில் வெளியிடுவேன், வராவிடினும் வெளியிடுவேன். வழக்குக்கான மனுவையும் வரைந்து வைத்துள்ளேன். கட்டணமின்றி உடன்நிற்க விரும்பும் சட்டத்தரணிகள் எழுதுக. மருந்து மறுக்கப்பட்டவர்கள், துண்டு கொடுத்த திகதியோடு அத்துண்டைப் பத்திரப்படுத்தி வையுங்கள். ஒரு மாதக் கணக்கு அன்றே தொடங்குகிறது.

அன்று வாங்கில், மருந்தும் அளவும் ஒன்றே என்று வைத்தியரிடம் காட்டி உறுதிசெய்தபின், என்னிடம் இருந்ததிற் பாதியை அச்சிறுமிக்குக் கொடுத்தேன். முறையன்று என்பதை அறிவேன். இன்று ஞாயிறு இரவு என் போத்தலை எண்ணிப் பார்த்தேன்: 19. வெள்ளியன்று குறையும். கொழும்பிலிருந்து வரவேண்டிய பொதி இன்னும் வந்து சேரவில்லை.